வீட்டைக் காலி செய்தவர்களின் மேசை

கம்பம் பள்ளத்தாக்கில் வீடு கட்டுகிறவர்கள் நிலைவாசலுக்கு நல்ல தேக்கு தேடி அலைவது பழைய கதை. நிலையைத் தாண்டி உள்ளே வந்ததும் இருக்கும் நடையில் என்ன வைப்பது என்பதுதான் புதிய கேள்வி. ஏலக்காயிலோ திராட்சையிலோ வந்த காசில் எழும்பிய வீடு. சுவரை ஒட்டி ஒடுக்கமாக ஒரு மேசை, அதற்கு மேலே ஒரு கண்ணாடி. கடைக்காரர்கள் அதை 'கன்சோல் டேபிள்' என்கிறார்கள். புதிதாகச் செய்ததென்றால் மவுசு இல்லை, 'ஆன்டிக்'காக இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த மறுநாளே அதன்மேல் பைக் சாவியும் கரண்ட் பில்லும் வைஃபை பெட்டியும் குடியேறிவிடும் என்பது வேறு விஷயம்.

உட்கார்ந்து சாப்பிட உதவாது, எழுத உதவாது, துணி மடித்து வைக்கவும் அகலம் போதாது. இப்படி வேலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத மேசை முந்நூற்றைம்பது வருஷமாக உலகைச் சுற்றியிருக்கிறது. ஓரிடத்தை விட்டு அது கிளம்பிய சமயங்களைக் கவனித்தால், பெரும்பாலும் யாரோ தோற்றிருக்கிறார்கள், நொடித்திருக்கிறார்கள் அல்லது ஊரையே விட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் வந்தது மேசையல்ல, கண்ணாடி. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நல்ல கண்ணாடி வேண்டுமென்றால் வெனிஸ் நகரத்தை ஒட்டிய முரானோ தீவுக்காரர்களிடம்தான் போக வேண்டும். தொழில் ரகசியத்தோடு வெளியூர் போகிறவர்களை வெனிஸ் அரசு சும்மா விடாது. பிரான்ஸின் நிதியமைச்சர் கோல்பேர் 1665 வாக்கில் பணத்தைக் காட்டிச் சிலரைப் பாரிசுக்கு இழுத்தார். வந்தவர்களில் ஓரிருவர் திடீரென்று செத்துப்போனார்கள். வெனிஸ் ஆள் அனுப்பி விஷம் வைத்துவிட்டது என்று ஊர் பேசியது. ஆனால் தொழில் அதற்குள் கைமாறிவிட்டது. 1684-ல் வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி மன்னருக்கு 73 மீட்டர் நீளக் கூடம் ஒன்று தயாரானது. அதன் சுவரில் 357 கண்ணாடிகள்.

சுவரில் கண்ணாடி ஏறியதும் அதன் கீழே ஏதாவது வேண்டியிருந்தது. இரண்டு சன்னல்களுக்கு நடுவே ஒடுங்கிய சுவர், அதில் ஆளுயரக் கண்ணாடி, அடியில் மெழுகுவத்தித் தண்டு வைக்க ஒரு பலகை. ஏற்றுவது ஒரு சுடர், தெரிவது இரண்டு. மெழுகுவத்தி விலை கையைக் கடித்த காலத்தில் இது வெறும் ஜோடனை அல்ல. நம் வீடுகளில் சுவரைக் குடைந்து செய்த விளக்கு மாடத்துக்கு இருந்த வேலைதான் அங்கே அந்தப் பலகைக்கு. சுவரோடேயே அதைப் பூட்டினார்கள். முன்பக்கம் மட்டும் கால் இருக்கும், பின்பாரத்தைச் சுவர் தாங்கும். பின்னால் போய் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் பின்பக்கத்தை இழைக்கவும் இல்லை. ஆசாரிகளின் இந்தச் சோம்பலை மனதில் வையுங்கள், காரைக்குடிப் பழம்பொருள் கடையில் பேரம் பேசும்போது கைகொடுக்கும்.

வெர்சாயில் இருந்த மேசைகளில் பல வெள்ளியில் செய்தவை. 1689-ல் போர்ச் செலவு கழுத்தை நெரிக்க, மன்னர் ஏறக்குறைய 20 டன் வெள்ளிச் சாமான்களை உருக்கி நாணயமாக அடிக்கச் சொன்னார். வெள்ளி போன இடத்துக்குத் தங்கம் பூசிய மரச் செதுக்கலும் பளிங்குப் பலகையும் வந்தன. ராஜ களை என்று இன்றைக்கு நாம் மயங்கும் அந்தப் பொன்னிறத்துக்குப் பின்னால் இருப்பது காலியான கஜானா.

அந்த அரண்மனையே காலியானது அடுத்த நூற்றாண்டில். புரட்சி அரசு 1793 ஆகஸ்டில் வெர்சாயின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்துக்கு விட்டது. ஏலம் ஏறக்குறைய ஒரு வருஷம் நடந்தது. 17,000-க்கும் மேற்பட்ட உருப்படிகள் கைமாறின. பிரெஞ்சுச் சாமான்களை ஆசையாக வாங்கிக் குவித்தவர்களில் இங்கிலாந்தின் பட்டத்து இளவரசர் ஒருவர். பின்னால் நான்காம் ஜார்ஜ் ஆனவர்.

இங்கிலாந்து அதற்கு முன்பே இந்த மேசையைக் காப்பியடித்து முடித்திருந்தது. 1720-களிலும் 30-களிலும் வில்லியம் கென்ட் என்பவரின் பாணி கொடிகட்டிப் பறந்தது. இறக்கை விரித்த கழுகு ஒன்று தலையில் பளிங்கைச் சுமந்து நிற்கும் மேசைகள் அப்போதைய மோகம். இடையில் ஒரு வரிச் சட்டம் புகுந்து மரத்தையே மாற்றியது. கடற்படைக்கு மரம் வேண்டுமென்று, அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வரும் மரங்களுக்கு 1721-ல் இறக்குமதி வரியை நீக்கினார்கள். கப்பலுக்காகப் போட்ட சட்டத்தில் மகோகனி புகுந்துகொண்டது. அதுவரை வால்நட் மரத்தில் செய்தவர்கள் மகோகனிக்கு மாறினார்கள். 1754-ல் தாமஸ் சிப்பன்டேல் என்ற தச்சர் தன் மாதிரிகளையெல்லாம் படம் போட்டுப் புத்தகமாக அச்சிட்டார். தன் கடைக்கு விளம்பரம் என்று அவர் நினைத்தார். வாங்கியவர்களோ அதை வைத்துத் தங்கள் ஊர் தச்சரிடமே செய்துகொண்டார்கள். பிலடெல்பியாவிலிருந்து சென்னைப் பட்டணம்வரை 'சிப்பன்டேல்' பெருகியது அப்படித்தான்.

காப்பியடிப்பது ஒருவழிப் பாதை என்று நினைத்துவிட வேண்டாம். சோழமண்டலக் கடற்கரையில் 17ஆம் நூற்றாண்டிலேயே நம் தச்சர்கள் ஐரோப்பியர்களுக்காகக் கருங்காலி மரத்தில் பூவும் கொடியும் செதுக்கி நாற்காலி, மேசை செய்துகொண்டிருந்தார்கள். அவை கப்பலேறி இங்கிலாந்து போய், கைமாறிக் கைமாறி, எங்கிருந்து வந்தவை என்பதே மறந்துபோனது. 1763-ல் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அப்படிப்பட்ட சில சாமான்களை ஏலத்தில் எடுத்தார். கார்டினல் வுல்ஸி வாழ்ந்த எஷர் மாளிகையில் இதே சாயலில் நாற்காலிகளைப் பார்த்திருந்ததால், இவை எட்டாம் ஹென்றி காலத்து அசல் ஆங்கிலச் சரக்கு என்று முடிவுகட்டித் தன் ஸ்ட்ராபெரி ஹில் வீட்டில் பெருமையாக வைத்துக்கொண்டார். மற்ற பிரபுக்களும் பின்தொடர்ந்தார்கள். ஆங்கிலேயர் தங்கள் பாட்டன் சொத்து என்று தடவிப் பார்த்தது நம் கடற்கரை ஆசாரி இழைத்த மரத்தை. பழம்பொருள் விஷயத்தில் ஏமாறுவது படிப்பறிவில்லாதவர்களின் குறை என்று யாராவது சொன்னால் வால்போலை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பக்கமிருந்து இங்கே வந்த மேசைகள் படாத பாடு பட்டன. மலிவான மரத்தின்மேல் விலையுயர்ந்த மரத்தை மெல்லிய தகடாக ஒட்டுவது ஐரோப்பியப் பாணி. சென்னை வெயிலில் பசை இளகித் தகடு உரிந்தது, மிச்சத்தைக் கரையான் பார்த்துக்கொண்டது. எறும்புக்கும் கரையானுக்கும் பயந்து மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வாழ்ந்தார்கள் துரைமார்கள். கடைசியில், சீமை மாதிரியைக் காட்டி உள்ளூர்த் தேக்கிலும் ஈட்டியிலும் முழு மரமாகவே செய்யச் சொன்னார்கள். காப்பி அசலைவிட உறுதியாக அமைந்தது. துரை செத்தாலோ சீமைக்குத் திரும்பினாலோ அவர் சாமான்கள் ஏலத்துக்கு வரும், அடுத்த துரை எடுப்பார். சில சமயம் ஒரு துபாஷியோ வணிகரோ எடுப்பார். நம்மவர் வீட்டுக்குள் இந்த மேசை நுழைந்த வழிகளில் அது ஒன்று.

இந்த இடத்தில் கதை நம் மலைக்கு வருகிறது. 1840-களிலிருந்து மும்பையில் 'பாம்பே பிளாக்வுட்' என்று ஒரு வகைச் சாமான்கள் பெயர்பெற்றன. சுவரோர மேசைமுதல் சோபாவரை துளி இடம் விடாமல் குடைந்து செதுக்கியிருப்பார்கள். கறுப்பு என்று சொன்னாலும் மரம் ஈட்டிதான், மலபார்ப் பக்கத்துக் காடுகளில் வெட்டியது. தோதகத்தி என்றும் நம்மவர்கள் சொல்லும் அதே மரம் கம்பத்துக்கும் போடிக்கும் மேற்கே மலைகளில் நின்றது. 1877-ல் ஜே. டி. மன்றோ என்ற துரை பூஞ்சார் ராஜாவிடமிருந்து, மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். காடு தோட்டமாகியது, தோட்டத்துக்கு பங்களா வந்தது, பங்களாவுக்கு மேசை நாற்காலி வேண்டியிருந்தது. சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து மலையேற்றுவதைவிட, வெட்டிய மரத்தை அங்கேயே அறுத்து ஆசாரிகளிடம் படத்தைக் காட்டிச் செய்துகொள்வது சுலபம். வழுவழுப்பான செதுக்கல் இருக்காது. ஆனால் இணைப்புகள் இன்றைக்கும் அசையாது.

அந்தக் காலத்தில் மூணாறின் வாசல் நம் பக்கம்தான் இருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலில் வரும் தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டக்குடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு 1928-ல் போடிக்கே ரயில் வந்தது. கீழே பள்ளத்தாக்கில் 1895-லிருந்து பொறியாளர் பென்னிகுயிக் அணை கட்டித் திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வயலும் வியாபாரமும் செழித்தன, வீடுகளும் கூடம், ரேழி என்று நீண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு துரைமார்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் அரண்மனைகளின் வரும்படியை நிறுத்தியது. மறுபடியும் வீடுகள் காலி, மறுபடியும் சாமான்கள் தெருவுக்கு.

தமிழ்நாட்டில் இந்த மேசைகளுக்கு உண்மையான சுரங்கம் என்றால் செட்டிநாடு. அதற்கு மூலதனம் பர்மா. 1885-ல் பம்பாய் பர்மா வாணிகக் கழகம், வெட்டிய தேக்கு மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாகச் சொல்லி, பர்மிய அரசவை ஏறக்குறைய 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஆங்கிலேயருக்குப் படையெடுக்க அது போதுமான சாக்கு. சில வாரங்களில் தலைநகர் மாண்டலே விழுந்தது. பர்மிய மன்னர் திபா அரண்மனையை விட்டு வெளியேறி, சென்னையில் சில மாதம் இருந்து, ரத்னகிரியில் சிறைவாழ்க்கை வாழ்ந்து மறைந்தார். தேக்குத் தகராறில் ஒரு ராஜ்ஜியமே காலியானது. அந்த நாட்டில் வட்டித் தொழிலிலும் அரிசியிலும் செழித்த நகரத்தார், பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் காரைக்குடிச் சீமைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வெர்சாயில் ஒன்றுகூடிய அதே மூன்று பொருள்கள் மரம், பளிங்கு, கண்ணாடி. அவை கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் ஒன்றுகூடியபோது சுவரோர மேசையும் கூடவே வந்தது.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைய, தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். 1948-ல் நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம், 1962-ல் ராணுவ ஆட்சி. பணம் போனது, ஆயிரம் சன்னல் வீடுகள் நின்றன. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் இருந்தால் வெள்ளிக் குத்துவிளக்கைப் பிரிக்கலாம், மேசையை அறுத்துப் பங்கு போட முடியுமா? விற்றுக் காசாக்கினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக முளைத்ததற்கு இது முக்கியக் காரணம்.

மேற்கே போனால் கொச்சி மட்டாஞ்சேரியில் இன்னொரு தெரு. 1568-ல் கட்டிய யூதர் ஆலயத்தைச் சுற்றி மிளகும் ஏலமும் சுக்கும் அடைந்த கிடங்குகள். இஸ்ரேல் நாடு பிறந்த பிறகு யூதர்கள் பெரும்பாலும் அங்கே போய்விட, கிடங்குகள் பல பழம்பொருள் கடைகளாயின. ஆக, கம்பம் பள்ளத்தாக்குக்காரருக்கு இரண்டு பக்கமும் சந்தை: மதுரை வழியாகக் காரைக்குடி, குமுளி ஏறினால் கொச்சி. விடிகாலையில் கிளம்பினால் எந்தப் பக்கமும் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். கொச்சியில் விலை கூட. செட்டிநாட்டுச் சரக்கே அங்கேயும் கிடக்கிறது என்பதால் என் ஓட்டு காரைக்குடிக்கு.

போவதற்கு முன் நடையை அளந்துகொள்ளுங்கள். ஆள் நடக்க மூன்றடியாவது விட வேண்டும். நாலரை அடி நடையில் 18 அங்குல ஆழத்துக்கு மேல் மேசை வந்தால் விசேஷ நாளில் இடித்துக்கொண்டே இருப்பார்கள். உயரம் 30-லிருந்து 34 அங்குலம் சரி. முன்கால் மட்டும் உள்ள பழைய ரகம் வேண்டுமென்றால் சுவரை யோசியுங்கள். நாலடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், முக்கால் அங்குலக் கனமுள்ள பளிங்குப் பலகை மட்டுமே ஏறக்குறைய 24 கிலோ. அந்தக் கால மாளிகைச் சுவர் அதைத் தாங்கியது, நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை நம்ப முடியாது. நான்கு கால் உள்ளதே நமக்கு நல்லது. ஆடிக் காற்று நேராக அடிக்கிற வாசலுக்கு எதிரே தகடு ஒட்டிய மேசையை வைத்தால் காய்ந்து உரியும், முழு மரம் தாக்குப்பிடிக்கும்.

கடையில் நுழைந்ததும் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். "அண்ணே, சுத்தமான பர்மாத் தேக்கு, நூத்தம்பது வருஷம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மேசையைச் சுவரிலிருந்து இழுக்கச் சொல்லுங்கள். பின்சட்டமும் முன்பக்கம்போலவே வழவழவென்று மெருகேறியிருந்தால் சந்தேகம். வெர்சாய் காலத்துச் சோம்பல் இங்கேயும் செல்லும். அடியில் கைவிட்டுத் தடவினால் கையால் இழைத்த மரத்தில் மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்படும். வில்போல் வளைந்த அறுப்புத் தடம் தெரிந்தால் அது இயந்திர வட்ட ரம்பம். கழுந்தும் துளையுமாகப் பூட்டியிருக்கிறதா, ஆணி அடித்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கூர்முனைத் திருகாணி பரவியது 1840-களுக்குப் பிறகுதான், ஆகவே '1800 வாக்கில் செய்தது' என்கிற மேசையில் எல்லாத் திருகாணியும் கூராக இருந்தால் ஏதோ இடிக்கிறது. அரைவட்ட மேசை என்றால் வெட்டிய விளிம்பைக் கவனியுங்கள், வட்டச் சாப்பாட்டு மேசையை இரண்டாக அறுத்து இரண்டு 'கன்சோல்' ஆக்குவது பழைய வித்தை. கால் ஓட்டைகளிலிருந்து மாவு கொட்டினால் வண்டு உயிரோடு இருக்கிறது. அதற்கு வீட்டு நிலைவாசலையும் விருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

பழைய கதவையும் ஊஞ்சல் பலகையையும் மேல்பலகையாக்கிய மேசைகளும் குவிந்து கிடக்கின்றன. அதைச் சொல்லி விற்றால் தப்பே இல்லை. ஜோத்பூரிலும் ஜாவாவின் ஜெபாராவிலும் நேற்று செய்ததைப் பழசாக்கி உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறார்கள், அந்தச் சரக்கும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், வம்சாவளி சொல்லி விற்கிற 'சிப்பன்டேல்' பக்கம் போக மாட்டேன். ஏதோ ஒரு எஸ்டேட் ஆசாரி படத்தைப் பார்த்துத் தன் கணக்கில் கொஞ்சம் தடித்த காலாகச் செய்த ஈட்டி மேசை கிடைத்தால் விட மாட்டேன். அந்த மரம் இனி சுலபமாகக் கிடைக்காது. 1994-ல் தமிழ்நாடு அரசு ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 2017-லிருந்து நாடு விட்டு நாடு போகும் ஈட்டி வணிகமும் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வரிச் சலுகையில் இங்கிலாந்துக்குள் புகுந்த மகோகனியோ எதிர்த்திசையில் நம்மிடம் வந்திருக்கிறது. 1795-ல் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு வந்த மரம், இன்று தமிழ்நாட்டு விவசாயிகள் வரப்போரம் நடும் மரம்.

வயதைப் பற்றிக் கடைக்காரர் அடம்பிடித்தால் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறது. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி, நூறு வயது தாண்டிய கைவினைப் பொருளை அனுமதியில்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. "அமெரிக்காவுல இருக்கற மக வீட்டுக்கு அனுப்பணும்ணே, ஆகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். நூற்றைம்பது வயது மேசை கண்ணெதிரேயே எண்பதுக்கு இறங்கிவிடும். இறங்கிய வயதுக்கு ஏற்ற விலையைச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.